தளவாய்க்கு மண்டகப்படி

தளவாய்க்கு நெஞ்சில் வர வேண்டியதெல்லாம் தளவாய்க்கு வராமல் தெருவுக்கு வந்தது. தெரு அதைத் தாங்கமாட்டாமல் அவனைக் குடிக்க வைத்தது. நடந்த தப்பு இவ்வளவுதான். இதை விட்டுவிட்டு சரக்கைக் குறை சொல்லி, சாமியைக் குறை சொல்லி, பெண்டாட்டி வந்த நேரத்தைக் குறை சொல்லி வாய்க்கால் தெருவில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். அதெல்லாம் கேட்க வேண்டாம்.

தென்காசிக்கு வடக்கே, வாய்க்காலை ஒட்டி ஒரே வரிசையில் பதினாலு வீடு. ஆண்களுக்குத் தெருமுனையில் மர அறுவை மில். பெண்களுக்கு பீடி. விடிந்தால் வாசலில் சாக்கை விரித்து, முறத்தை மடியில் போட்டு, இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, முனை மடக்கி, நூல் கட்டி, சாயங்காலம் கடையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவார்கள்.

தளவாய் மில்லில் மரம் அறுக்கிற வாள் ஓட்டுகிறவன். ஒரு தடியின் மேல் கையை வைத்த மாத்திரத்தில் இது வேங்கை, இது கோங்கு, இதற்குள் பொந்து இருக்கிறது, இந்த இடத்தில் எவனோ பத்து வருஷத்துக்கு முன்னால் அடித்த ஆணி கிடக்கிறது என்று சொல்லிவிடுவான். அவனைப் பற்றி அவனிடம் கேட்டால் மட்டும் தெரியாது.

"என்னவே, ஒரு மாதிரி இருக்கீரு?"

"ஆமா. ஒரு மாதிரி இருக்கு."

பசித்தாலும் அதுதான், எவனாவது வைதாலும் அதுதான், தாலி கட்டி முடித்து மாலையும் கழுத்துமாக நின்றபோது மாமனார் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதற்கும் அதுதான். பெண் உலகம்மாள், பாவூர்சத்திரத்துக்காரி. தலைகுனிந்து நின்றவள் அதைக் கேட்டாள். ஒரு மாதிரி என்றால் என்ன மாதிரி? பதினோரு வருஷம் இந்தக் கேள்வி அவள் தொண்டையில் நின்றது.

அந்தக் கல்யாண வாரத்தில் நடந்தது இது. தெருவில் டீக்கடை வைத்திருந்த சங்கரபாண்டிக்கு வயது அறுபது. விடிகாலை ஐந்து மணிக்குக் கையில் தூக்குவாளியோடு நின்றவனுக்குத் திடீரென்று நெஞ்சு இளகி, உலகத்தில் யாரோ ஒருத்தி மேல் தாங்க முடியாத ஆசை வந்து, நாலு பேருக்குக் காசு வாங்காமல் டீ ஊற்றிக் கொடுத்தான். அவன் பெண்டாட்டி பூரணம் வடிகட்டியைக் கீழே வைத்தாள்.

"யாருவே அவ?"

"தெரியலையே பூரணம்."

கரண்டி உடைந்தது. அதோடு அது முடிந்தது. தளவாய்க்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது யாருக்கும் படவில்லை. இரண்டாம் வருஷம், பகல் பதினோரு மணிக்கு, வாள் அவனுடைய இடது கைச் சுண்டுவிரலைக் கொண்டுபோனபோதுதான் பட்டது. அவன் விரலைக் குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேஸ்திரியிடம் போய், "ஒரு மாதிரி இருக்கு, அரை நாள் லீவு வேணும்" என்றான். அதே பதினோரு மணிக்கு வாய்க்கால் தெருவில் முறங்களெல்லாம் கவிழ்ந்தன. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டார்கள். தெருத் தலைவர் பரமசிவன், ஆறடி ஆள், நெல் குதிருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, எதற்கு ஒளிகிறோம் என்று தெரியாமல், வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு நடுங்கினார்.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். மாசம் ஒன்று கவனித்தார்கள். சந்தேகம் தீர்ந்தது. தீர்ந்ததும் யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஒரு வீட்டு மாடு அடுத்த வீட்டு வாழையைத் தின்றால் என்ன செய்வோமோ அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள், பிறகு அதை வைத்தே நாள் பார்க்க ஆரம்பித்தார்கள். காலையில் குழாயடியில் "இன்னைக்கு தளவாய் எப்படி?" என்று ஒருத்தி கேட்டால், "லேசா கோவம் கெடக்கு, பன்னெண்டு மணிக்கு மேல தெளிஞ்சுரும்" என்று இன்னொருத்தி சொல்வாள், பெண் பார்க்க வருகிறவர்களை அதற்குத் தகுந்தாற்போல வரச் சொல்வார்கள், மில் முதலாளி அவனை ஏசுவதாக இருந்தால் தெருவில் கைக்குழந்தைக்காரிகள் யாராவது இருக்கிறார்களா என்று ஆள் விட்டுக் கேட்டுவிட்டு ஏசுவார்.

பதிமூன்று வீட்டுக்கும் வந்தது. அவன் வீட்டுக்கு வரவில்லை. உலகம்மாளுக்கு ஒரு துளி வரவில்லை. ஏன் என்று கேட்டால் தெரியாது. கரண்டு கம்பத்துக்கு நேர் கீழே இருக்கிற வீட்டுக்குத்தான் லைன் கிடைக்காது என்று சங்கரபாண்டி ஒரு விளக்கம் சொன்னான். அது ஒரு விளக்கமா?

ஒரு நாள் குழாயடியில் மூன்றாம் வீட்டு கோமு குடத்தை இறக்கிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டாள்.

"மைனி, நேத்து நீங்க மஞ்ச சேலையா உடுத்திருந்திய?"

"ஆமா. ஏன்?"

"சும்மாதான். பத்து மணிக்கு எனக்கு நெஞ்சு அப்படியே நெறைஞ்சு போச்சு."

உலகம்மாள் குடத்தை நங்கென்று வைத்தாள்.

"என் புருசன் எனக்குத் தாரதை நீ எதுக்குளா வாங்குத?"

"நான் கேட்டா வாங்குனேன்? வாரதை என்ன செய்ய?"

அன்று வீட்டுக்குப் போய் அதே மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு அவன் எதிரே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் அவன் முகத்தைப் பார்த்தாள். அறுத்து அடுக்கிய பலகை மாதிரி இருந்தது முகம். தெருவில் கோமு சிரித்துக்கொண்டே பீடி சுற்றுகிற சத்தம் கேட்டது.

செண்பகம் பிறந்தாள். மூன்று வயது வரை இருந்தாள். ஒரு வியாழக்கிழமை காய்ச்சல் வந்தது, சனிக்கிழமை இல்லை.

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து தளவாய் குளித்தான். தலையைத் துவட்டினான். உறவுக்காரர்கள் கொண்டுவந்து வைத்த சோற்றின் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் ரசம்" என்றான். மூலையில் சுருண்டு கிடந்த உலகம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடியும் கேட்டான். மூன்று தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டான்.

வெளியே பதிமூன்று வீடும் தரையில் கிடந்து புரண்டது. செண்பகத்தைத் தூக்கியவர்கள், தூக்காதவர்கள், அவளைக் கண்ணால் பார்த்திராத விருந்தாளிகள் எல்லாரும் மண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு கதறினார்கள். தெருமுனையில் ஆள் ஏற்ற நின்ற பஸ்ஸில் டிரைவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழ, கண்டக்டர் டிக்கெட் கட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழ, ராஜபாளையம் போகிற ஐம்பது பேர் எதற்கென்று தெரியாமல் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள்.

"கல்லைக் கட்டிக்கிட்டு வந்திருக்கேனே!" என்று உலகம்மாள் சுவரில் முட்டினாள்.

கோமு நடக்க முடியாமல் தவழ்ந்து வந்து அவள் காலைப் பிடித்தாள். "கல்லு இல்ல மைனி. ஐயோ, கல்லு இல்ல. எங்களால தாங்க முடியல."

"அப்ப எனக்கு ஏன்ளா வரல?"

கோமு அவள் காலிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மூன்று மாசம் தெரு அழுதது. தூளில் கண்ணீர் விழுந்தது, நூல் தளர்ந்தது, இலை நமுத்தது. கடைசி வீட்டில் ஒருத்தி இருந்தாள், பீடிக்கடையில் செக்கர் வேலை. சுற்றி வருகிற பீடிக்கட்டை வாங்கி அமுக்கிப் பார்த்து, "இது ஈரம், இது தூள் கம்மி, இது முனை சரியில்ல" என்று சொல்லிப் பிய்த்துக் கூடையில் போடுகிறவள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். தெருவில் அவளோடு யாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவளுக்குப் பெயரே 'கழிசல்' என்றுதான். அவளும் அழுதாள். அழுதுகொண்டே கழித்தாள். கூடை கூடையாகக் கழித்தாள். தெருவில் உலை வைப்பது ஒரு நேரமாகக் குறைந்தது.

அந்தச் சித்திரையில் அம்மன் கொடைத் திருவிழா வந்தது. மில்காரர்கள் தளவாய் கையில் ஒரு கிளாஸைத் திணித்தார்கள். அது வரைக்கும் அவன் குடித்ததில்லை. குடித்தான். கால் மணி நேரத்தில் தெருவில் அழுகை நின்றது. தகரக் கூரையில் பெய்த மழை நின்றதும் இவ்வளவு நேரம் சத்தம் இருந்ததே என்று தெரியுமே, அப்படி எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். தளவாயும் கிளாஸைப் பார்த்தான்.

"இப்ப ஒரு மாதிரி இல்ல" என்றான்.

பிறந்ததிலிருந்து அவன் சொல்லாத வார்த்தை அது. அவனுக்கும் அது பிடித்துப்போனது. எப்போதும் யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள், யாரென்று தெரியவில்லை, திறக்கவும் வழியில்லை. ஊற்றினால் தட்டுகிற சத்தம் நிற்கிறது. எவன் விடுவான்?

பரமசிவன் தெருவைக் கூட்டினார். கொடைக்கு இன்ன நாள் சாமிக்குப் படையல் இன்ன வீட்டுச் செலவு என்று வீடு வீடாக மண்டகப்படி எழுதி வைத்திருந்த அதே தாளை எடுத்தார். திங்கள் கோமு வீடு, செவ்வாய் பூரணம் வீடு, புதன் தலைவர் வீடு என்று தளவாய் வீட்டையும் கழிசல் வீட்டையும் தள்ளிப் பன்னிரண்டு வீட்டுக்கும் முறை வைத்தார். முறைக்காரர்கள் குளித்து, ஒரு குவார்ட்டரும் அவித்த முட்டையும் தட்டில் வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டு மூடிக் கொண்டுபோவார்கள். ஒரு வீடு முட்டை கொடுத்தால் அடுத்த வீடு மீன் பொரித்தது, அதற்கடுத்த வீடு ஆட்டு ஈரல் வறுத்தது. தீபாவளிக்கு அவனுக்கு வேட்டி எடுத்தார்கள். மழையில் நனைந்தால் தலை துவட்டிவிட்டார்கள். கெட்டவர்கள் இல்லை. பீடி நன்றாக வந்தது, பிள்ளைகள் சாப்பிட்டன, கல்யாணங்கள் நடந்தன, நாலு வருஷம் வாய்க்கால் தெரு சந்தோஷமாக இருந்தது.

பிறகு அவன் கண் மஞ்சளாயிற்று. கால் வீங்கியது, வயிறு வீங்கியது. டவுன் டாக்டர் உலகம்மாளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஈரல் போயிட்டுதும்மா. இனியும் குடிச்சா மாசக் கணக்குதான். நிறுத்தினா கொஞ்சம் இழுத்துப் பிடிக்கலாம்."

அவள் தெருவில் நின்று சொன்னாள். "என் புருசன் எங்கிட்ட ஒரு நாள் ஒரு வார்த்தை பேசிட்டுச் சாகட்டும். உங்க எல்லார் வீட்டுக்கும் வந்தது எனக்கு ஒரு தடவை வரட்டும். ஊத்தாதீங்க."

எல்லாரும் சம்மதித்தார்கள். மனசாரத்தான் சம்மதித்தார்கள். நாலு நாள் தாங்கினார்கள்.

முதல் நாள் பதிமூன்று வீட்டிலும் கை நடுங்கியது. இரண்டாம் நாள் நாலு வருஷம் அடைத்து வைத்ததெல்லாம் மடை உடைந்த மாதிரி வந்தது. எது துக்கம், எது ஆத்திரம் என்று பிரிக்க முடியாமல் புருஷன்மார் பெண்டாட்டிகளை அடித்தார்கள், பெண்டாட்டிகள் பிள்ளைகளை அடித்தார்கள். மூன்றாம் நாள் ஒரு பீடிகூடத் தேறவில்லை. நாலாம் நாள் மத்தியானம், எட்டு மாசக் கர்ப்பிணி கோமு கிணற்றுச் சுவரில் ஏறி நின்றாள். இழுத்துப் போட்டார்கள். "எனக்குச் சாக இஷ்டம் இல்ல மைனி, ஆனா கால் தானா ஏறுது" என்றாள்.

கோமுவின் மாமியார் வந்து உலகம்மாள் காலில் விழுந்தாள். பரமசிவன் பாட்டிலைக் கொண்டுவந்து நடையில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

உலகம்மாள் தன் கையால் ஊற்றினாள். அவன் வாயில் வைத்துப் பிடித்தாள். அவன் குடிக்கக் குடிக்கத் தெரு அடங்குவது அவள் காதில் விழுந்தது.

மறுநாள் சங்கரபாண்டி முறை. அவன் பேரனுக்கு மொட்டை போட வீட்டோடு சங்கரன்கோவில் போயிருந்தான். நாலு நாள் பட்ட பாட்டில் மற்ற வீடுகள் இன்னும் எழுந்திருக்கவில்லை, மாற்று ஆள் இல்லாமல் பரமசிவன் கடைசி வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே பார்க்காமல், "இன்னைக்கு நீ செய்யி" என்றார். அவ்வளவு வருஷத்தில் அந்த வீட்டில் தெரு கேட்ட முதல் உதவி.

அவள் வந்தாள். கையில் தட்டு இல்லை. ஒரு முறம் இருந்தது, அதில் நாலைந்து கழித்த பீடிக்கட்டு கிடந்தது.

"சரக்கு எங்கே?" என்றாள் உலகம்மாள்.

"இல்ல. வண்டிக்குச் சொல்லியிருக்கேன். பெரியாஸ்பத்திரியில பத்து நாள் படுக்க வைப்போம். நடுக்கத்துக்கு அவங்க மருந்து போடுவாங்க. மத்ததுக்கு நான் வாரேன்."

"கோமு செத்துப்போவா."

"கோமுவை இன்னைக்கே அவ அம்மை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிட்டுத்தான் வாரேன். சொரண்டைக்கு இங்கேருந்து ஒண்ணும் எட்டாது."

பிள்ளைப்பேற்றுக்கு எப்படியும் போக வேண்டியவள். அனுப்பினால் தீர்ந்தது. மற்ற பதிமூன்று வீட்டில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை.

தெருவில் நின்று சத்தம் போட்டும் சொல்லிவிட்டுப் போனாள். "வாரது வரட்டும். ஆளுக்கு ஆள் பாத்துக்கிடுங்க. கெணத்துக்கு மூடி போடுங்க. பீடி கெட்டா கழிக்கத்தான் செய்வேன். அதுக்காக இந்த மனுசனைக் கொல்லக் கூடாது."

ஏசினார்கள். காறித் துப்பினார்கள். அவள் வீட்டு ஓட்டில் கல் விழுந்தது. அவள் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு தினமும் காலையில், கடை திறப்பதற்கு முன்னால், தளவாய் எதிரே வந்து உட்கார்ந்தாள். உலகம்மாள் நடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் செக்கர் முறத்திலிருந்து ஒரு பீடிக்கட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"அமுக்கிப் பாருங்க அண்ணாச்சி. என்ன குத்தம்?"

"ஈரம்."

"இது?"

"நூலு லூசு."

"கை நல்லாத்தான் சொல்லுது. இப்ப நெஞ்சுல கைய வையுங்க. என்ன இருக்கு?"

"ஒரு மாதிரி இருக்கு."

"ஒரு மாதிரின்னு சொல்லி நான் ஒரு கட்டையும் கழிச்சது கிடையாது. கழிச்சா தெருவுல என்னை உயிரோட விடுவாளுகளா? என்ன குத்தம்னு சொல்லணும்." அவள் தன் வயிற்றில் கை வைத்தாள். "எனக்கு இப்ப அடிவயிறு இழுக்குது, நாக்கு வறளுது. இது என் வீட்டுச் சரக்கு இல்ல. உங்களோடது. இதுக்குப் பேரு பயம். சொல்லுங்க."

"பயம்."

"சும்மா சொல்லாதீங்க. எதுக்குப் பயம்?"

டீக்கடையில் பாலைக் காய்ச்சி இறக்கிவிட்டார்கள்.

"செத்துப் போவேன்னு" என்றான்.

சொன்னதும் அவள் வயிற்று இழுப்பு விட்டது. அவன் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். உதடு துடித்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக உலகம்மாள் அந்தப் பலகையில் ஒரு கீறலைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கும் பயம் வந்தது. அது அவளுடைய பயம்.

அப்படியே ஒவ்வொன்றாக. வெட்கத்துக்கு ஐந்து நாள் ஆனது. கோபத்துக்கு ஒன்பது நாள். மில்காரன் மேல், தெருவின் மேல், ஊற்றிக் கொடுத்த கையின் மேல். உலகம்மாள் எழுந்து போகாமல் உட்கார்ந்து அதையும் கேட்டாள். இரண்டு தடவை அவன் பிராந்திக் கடைக்கு ஓடினான். ஒரு தடவை பிடித்துவிட்டார்கள், ஒரு தடவை பிடிக்க முடியவில்லை. செக்கர் மறுநாள் முறத்தோடு வந்து விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். தெருவுக்கு வருவது குறைந்துகொண்டே வந்தது. ஏசுகிறதும் குறைந்தது.

நாற்பதாம் நாள் அவள் உட்கார்ந்தவுடனே எழுந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. சேலையால் முகத்தைப் பொத்தியிருந்தாள்.

"இது எல்லாத்துலயும் பெரிசு. இதுக்கு நான் பேரு சொல்ல மாட்டேன். எங்கிட்ட நீங்களும் சொல்லக் கூடாது. அந்தா இருக்காவ, அவுககிட்ட சொல்லுங்க."

போய்விட்டாள். வீட்டில் இரண்டு பேர். தளவாய் சுவரைப் பிடித்துக்கொண்டு நடைக்கு வந்து பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உலகம்மா. அன்னைக்கு நான் ரசம் கேட்டேன்."

"கேட்டிய."

"நெஞ்சுல என்னமோ அடைச்சுது. பசின்னு நெனச்சேன்."

அவள் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"பசி இல்ல உலகம்மா. நம்ம பிள்ள."

அழுதான். நாலு வருஷமும் ஐந்து மாசமும் கழித்து, பெற்றவன் அழுதான். அவன் கண்ணிலிருந்தே வந்தது. உலகம்மாள் அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டாள். வாய்க்கால் தெருவில் ஒருத்தரும் அழவில்லை. பூரணம் டீ ஆற்றினாள். யாரோ இலை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஈரல் போனது போனதுதான். ஏழு மாசம் இருந்தான். இருந்த ஏழு மாசமும் வலிக்கிறது, பயமாக இருக்கிறது, எரிச்சலாக வருகிறது, உன்னைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது என்று ஒன்று விடாமல் அவளிடம் சொன்னான். சில நாள் அவளுக்கே சலித்தது. "போதும், தூங்குங்க" என்பாள். தையில் ஒரு காலை செத்துப்போனான். தெருவுக்குத் தெரியவில்லை. உலகம்மாள் வெளியே வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

வந்தார்கள். மாலை போட்டார்கள். அழுவதற்கு வாயைத் திறந்தார்கள், அழுகை வரவில்லை. இத்தனை வருஷம் அவனுடையதை அழுதவர்கள், சொந்தத்தில் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பரமசிவன் நெஞ்சைத் தடவிக்கொண்டு உலகம்மாளிடம் வந்தார்.

"என்னன்னு தெரியல தாயி. ஒரு மாதிரி இருக்கு."

"அது வெக்கம் அண்ணாச்சி" என்றாள்.

பதினாறாம் நாள் சாப்பாடு. வாய்க்கால் தெரு வழக்கப்படி, செத்தவனுக்கு நல்லது செய்த ஆளை முதல் இலையில் உட்கார வைக்க வேண்டும். யார் என்று வீட்டுக்காரிதான் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன்னாலேயே பரமசிவன் துண்டை உதறிப் போட்டு முதல் இலையில் உட்கார்ந்துவிட்டார். "நம்ம தெரு ஒத்துமையா நின்னுல்லா தளவாயைக் குடியில இருந்து மீட்டுச்சு" என்று பக்கத்து ஊர்க்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வீடும் தலையை ஆட்டியது.

உலகம்மாள் சோற்றுச் சட்டியோடு வந்து நின்றாள். பரிமாறவில்லை.

"எந்திரிங்க அண்ணாச்சி."

"என்ன தாயி?"

"அந்த எலை உங்களுக்கு இல்ல."

அவர் எழுந்தார். உலகம்மாள் பந்தியைப் பார்க்கவில்லை. வெளியே, எச்சில் இலை எடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில், யாரும் கூப்பிடாமல் வந்து தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தாள். நாற்பது நாளில் ஒரு நாள் கேட்டுத் தெரிந்துகொண்ட பெயரை, தெரு முழுக்கக் கேட்கும்படி, ஒரு தடவை சொன்னாள். யாரது என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"முப்பிடாதி."